சடுகுடுக் களமும் உழவர் முழங்காலும்

அறுவடை முடிந்து தை பிறந்ததும் சடுகுடு, கைப்பந்து, கயிறு இழுத்தல் முதலிய பந்தயங்கள் நடைபெறாத ஊர் நம் மாநிலத்தில் அரிது. 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்திலேயே இளைஞர் மன்றங்களும் விளையாட்டும் கிராம முன்னேற்றத்தின் ஓர் அங்கமாகக் கொள்ளப்பட்டன. பின்னர் 2006 இல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊர்களில் விளையாட்டு மையங்கள் அமைக்கப்பெற்றன. 2024 ஆம் ஆண்டில் ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் அடங்கிய தொகுப்புகளும் வழங்கப்பட்டன. பந்தும் வலையும் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் அடிபட்டு விழுந்தவரை என்ன செய்வது, விழாமலே காப்பது எவ்வாறு என்னும் அறிவு அவற்றோடு கூட வந்து சேரவில்லை. பஞ்சாயத்து அங்கத்தினரும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் கூற முற்படுகிறோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. நமது வட்டாரத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டா. இரண்டு ஏக்கர் நன்செய்யும் ஒரு சோடி மாடும் உடைய குடும்பத்தின் மூத்த பிள்ளை, 22 வயது இளைஞர், மாட்டுப் பொங்கலன்று இரவு நடந்த சடுகுடுப் பந்தயத்தில் பாடிச் சென்றார். அவர் திரும்புகையில் எதிரணியினர் கணுக்காலைப் பற்றிக்கொண்டனர். பாதம் தரையில் ஊன்றி நின்றது. உடல் மாத்திரம் திரும்பிற்று. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஓர் ஓசை கேட்டதாகப் பிற்பாடு அவரே கூறினார். இரவு முடிவதற்குள் முழங்கால் பானைபோல் வீங்கிவிட்டது. மறுநாள் எண்ணெய் இட்டு உருவினார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நாற்பது நாளில் நடக்கலானார். நரம்பு பிசகியிருந்தது, சரியாகிவிட்டது என்று ஊரார் முடிவு செய்தனர். சித்திரைத் திருவிழாப் பந்தயத்தில் மீண்டும் களம் இறங்கினார். இம்முறை எவரும் அவரைப் பிடிக்கவில்லை. தாமாகவே கால் மடிந்து விழுந்தார். அதன் பின்னர் வரப்பில் நடக்கையிலும், கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றி வருகையிலும் முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் நழுவத் தொடங்கிற்று.

ஒன்றரை ஆண்டு கழித்து அவருடைய தந்தையார் வேறொரு காரியமாக நம் அலுவலகத்திற்கு வந்தார். பேச்சுவாக்கில், “பையன் காலில் பலம் இல்லை ஐயா. எல்லாவற்றிற்கும் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. மாட்டையும் கொடுத்துவிட்டேன்” என்றார். அப்போதுதான் நமக்கு நினைவு வந்தது. அந்தப் பந்தயத்தில் பரிசு வழங்க மேடையில் அமர்ந்திருந்தவர்களுள் நாமும் ஒருவர். அவ்விளைஞரை இருவர் கைத்தாங்கலாக அழைத்துப் போனதைக் கண்ணால் கண்டோம். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோப்பையைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறி வந்துவிட்டோம். இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

அவர் முழங்காலுக்குள் நேர்ந்தது யாது? தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் நான்கு முக்கியமான இணைப்பு நார்கள் உள்ளன. இரண்டு பக்கத்திற்கு ஒன்றாக வெளியிலும், இரண்டு மூட்டுக்கு உள்ளே குறுக்கும் நெடுக்குமாகவும் அமைந்துள்ளன. உள்ளே இருப்பவற்றுள் முன் நார், கணைக்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் காக்கிறது. நுகத்தையும் ஏர்க்காலையும் பிணைக்கும் கயிறு அறுந்துவிட்டால் மாடும் நிற்கிறது, ஏரும் நிற்கிறது. ஆனால் உழ முயன்றால் ஒன்று ஒரு பக்கம் போகிறது, மற்றொன்று வேறு பக்கம் போகிறது. முன் நார் அறுந்த முழங்காலின் நிலையும் அதுவே. நேராக நடந்தால் குறை தெரியாது. திரும்பினால்தான் தெரியும்.

ஓசை கேட்டல், சில மணி நேரத்திற்குள்ளாகவே பெரிதாக வீங்குதல், பின்னர் கால் நழுவுதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் முன் நார் அறுந்திருக்கக்கூடும் என்று ஐயுறல் வேண்டும். உடனே வீங்குவது மூட்டுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளம். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியுமேயன்றி நார் தெரியாது. ஆகையால் ‘படம் எடுத்தாயிற்று, எலும்பு முறியவில்லை’ என்று கேட்டு நிம்மதி அடைதல் போதாது. எலும்பு மூட்டு மருத்துவர் கையால் ஆட்டிப் பார்த்தும், வேண்டுமாயின் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தும் முடிவு செய்வார். வலி போய்விட்டது என்பதனால் நார் ஒட்டிவிட்டது என்று பொருள் கொள்ளலாகாது. அறுந்த நாரோடு ஓடியாடினால், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புத் தகடு நசுங்கிக் கிழியும்; நடுத்தர வயதிலேயே மூட்டுத் தேய்வு வந்து சேரும். அறுந்தவர் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டும் என்பதில்லை. தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியினாலேயே தம் அன்றாட வேலையைச் செவ்வனே செய்பவர் பலர் உண்டு. சேற்றில் இறங்கிச் சுமை தூக்குபவர்க்கும், மீண்டும் ஆட விரும்புபவர்க்கும் வேறொரு தசைநாரை எடுத்துப் பொருத்தும் சிகிச்சையை மருத்துவர் கூறலாம். அச்சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதத்திற்கு முன்னர் பந்தயக் களத்திற்குத் திரும்புதல் ஆகாது. அவசரப்பட்டுத் திரும்பியவர்களுக்கு மறுபடியும் முழங்கால் பழுதாகும் ஆபத்து பன்மடங்கு என்று ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன.

இனி, களத்திற்கு வருவோம். 1990 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசியப் போட்டிகளில் சடுகுடு, கபடி என்னும் பெயரால் பதக்க ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. 2014 முதல் தொழில்முறைப் பந்தயங்கள் தொலைக்காட்சியில் காட்டப்பெறுகின்றன. அவற்றில் ஆடுபவர்கள் மெத்தை விரிப்பின்மேல் ஆடுகிறார்கள். பாய்ந்து விழுகிறார்கள், பிடிப்பவனின் கைகளுக்கு அடியில் தலையை நுழைத்துத் தப்புகிறார்கள். அதைப் பார்த்த நம் பிள்ளைகள் அதே பாய்ச்சலைக் காய்ந்து வெடித்த களிமண் தரையில் செய்கிறார்கள். சில ஊர்களில் நெல் உலர்த்தும் சிமெண்டுக் களமே பந்தயக் களமாகிவிடுகிறது. இதைக் காணும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. சிமெண்டுக் களம் நெல்லுக்காகப் போடப்பட்டது. பிள்ளைகளின் தோள்பட்டைக்காக அன்று.

ஆடவர்க்குரிய சடுகுடுக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது; மகளிர்க்கு 12 க்கு 8. இவ்வளவு இடத்தை ஒரு சாண் ஆழம் கொத்தி, கல்லும் வேரும் நீக்கி, மண்ணைச் சலித்து மீண்டும் பரப்புதல் பெரிய வேலையன்று. களிமண்ணாயின் மணலும் மரத்தூளும் கலந்துகொள்ளலாம். முந்திய நாள் மாலையில் நீர் தெளித்து, காலையில் கிளறிவிடுதல் வேண்டும். ஆட்டத்திற்குச் சற்று முன் நீர் ஊற்றினால் வழுக்கும். கோட்டைச் சுற்றி மூன்று, நான்கு மீட்டர் வெற்றிடம் விடல் வேண்டும். நம் ஊர்களில் பார்வையாளர் கோட்டை ஒட்டியே உட்காருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் விளக்குக் கம்பம், அதனை ஒட்டி மின்சார ஜெனரேட்டர். வேகமாக ஓடி வருபவர் கோட்டைத் தாண்டியதும் நின்றுவிடுவார் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? மாடு கட்டும் முளை, உடைந்த புட்டி, சீமைக்கருவேல முள் ஆகியவற்றை இருவர் பகல் வெளிச்சத்தில் களம் முழுவதும் நடந்து தேடி அகற்ற வேண்டும். மாடு நின்ற இடத்து மண்ணில் இரணஜன்னிக் கிருமி இருத்தல் இயல்பு. முள் குத்திய புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவியபின், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி குறித்துக் கேட்டறிதல் தவறாது செய்ய வேண்டியது.

கைப்பந்துக் களத்தைப் பற்றிச் சில சொற்கள். களம் 18 க்கு 9 மீட்டர். சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்பது விதி. வலைக் கம்பம் பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கம்பத்தைக் கம்பி இழுத்துக் கட்டுதல் அவ்விளையாட்டின் விதிகளிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. நாமோ சவுக்குக் கழியை நட்டு நான்கு பக்கமும் கயிறு கட்டி முளை அடிக்கிறோம். கழியை மூன்று அடி ஆழத்தில் நட்டு மண்ணைக் கெட்டித்தால் கயிறு வேண்டியதில்லை. கழியைச் சுற்றிப் பழைய சாக்கில் வைக்கோல் வைத்துக் கட்டிவிடலாம். கைப்பந்தில் மிகுதியாக நேர்வது கணுக்கால் சுளுக்கு. வலைக்கருகே எழும்பிக் குதிப்பவர், எதிரணியினர் பாதத்தின்மேல் இறங்குவதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

களத்தைப் போலவே உடலையும் உழுது பதப்படுத்த வேண்டும். 2006 ஆம் ஆண்டில் உலகக் கால்பந்துச் சம்மேளனம் மருத்துவர்களைக் கொண்டு ஒரு பயிற்சி முறையை வகுத்தது. ஏறத்தாழ 20 நிமிடப் பயிற்சி அது. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள கால்பந்து ஆடும் பெண்கள் 1,892 பேரைக் கொண்டு ஒரு பருவம் முழுவதும் இதனைச் சோதித்து, 2008 இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சி செய்த குழுக்களில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாயின. இதற்குக் கருவி ஒன்றும் வேண்டா. மெதுவாக ஓடுதல், ஓடிக்கொண்டே திரும்புதல், ஒற்றைக் காலில் நிற்றல், கோயிலில் போடும் தோப்புக்கரணம்போல உட்கார்ந்து எழுதல், எழும்பிக் குதித்து ஓசையின்றி இறங்குதல், முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துதல், கடைசியில் சற்று வேகமான ஓட்டம். குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாயாமல் கால்விரலுக்கு நேரே நிற்கிறதா என்று ஒருவர் மற்றொருவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முன் நார் அறுதல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக நேர்வதால், மகளிர் குழு உள்ள ஊர்களில் இப்பயிற்சியை ஒருநாளும் விடலாகாது. பந்தயத்தன்று மட்டும் செய்தால் பலன் சிறிதே. வாரம் இரண்டு மூன்று நாள், மாதக்கணக்கில் செய்தல் வேண்டும். ‘வயலில் பாடுபடுகிறவனுக்குப் பயிற்சி எதற்கு?’ என்று கேட்பவர் உண்டு. வயல் வேலை வலிமையைத் தரும். வேகமாகத் திரும்பிச் சட்டென நிற்கும் பழக்கத்தைத் தராது.

பந்தய அமைப்பிலும் ஒரு குறை உளது. ஆடவர் சடுகுடு ஆட்டம் 20 நிமிடம் கொண்ட இரு பகுதிகள். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் பந்தயத்தில் வென்றுகொண்டே செல்லும் குழு, விடிவதற்குள் நான்கு ஆட்டம் ஆடிவிடுகிறது. இறுதி ஆட்டம் அதிகாலையில், உறக்கமும் உணவுமில்லாத உடலோடு நடக்கிறது. களைத்த தசை மூட்டைத் தாங்காது. இருபது குழுக்களை அழைப்பதற்குப் பதிலாக எட்டுக் குழுக்களை அழைத்து இரண்டு மாலைகளில் நடத்தினால் ஊருக்குப் புகழ் குறைந்துவிடாது. பதினான்கு வயதுச் சிறுவர்களை இருபத்தைந்து வயதினரோடு ஆடவிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சிறுவர்களின் எலும்பு முனையில் வளர்ச்சித் தகடு என்னும் மென்மையான பகுதி உண்டு. பெரியவர்க்கு நார் சுளுக்கும் இடத்தில், சிறுவர்க்கு அத்தகடே முறியக்கூடும்; கவனியாது விட்டால் கை கால் கோணலாக வளரும். எனவே சிறுவர் சுளுக்கு எதையும் சுளுக்கு என்று நாமே முடிவு செய்துவிடலாகாது.

அடிபட்டபின் செய்ய வேண்டியவை வருமாறு. ஆட்டத்தை விட்டு வெளியே அழைத்து வருதல் முதற் காரியம். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் இட்டு உருவுதலும், சூடு வைத்தலும், மதுவும் ஆகா, உட்கசிவு மிகும். இறுக்கமற்ற துணிக்கட்டுக் கட்டி, அடிபட்ட உறுப்பை உயர்த்தி வைக்க வேண்டும். மீன் விற்பவரிடம் வாங்கிய பனிக்கட்டியைத் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி தணியும். பனிக்கட்டி வைக்கும் முறையை 1978 இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் என்பவரே, அது ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014 இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே வலிக்காக மட்டும் வைக்கலாம். நாள் முழுதும் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கணுக்காலில் அடிபட்டவர் நான்கு அடி நடக்க முடியவில்லையென்றாலும், கணுக்கால் மொளியின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரே எடுத்தே தீரவேண்டும். விழுந்த நிலைப்பல்லை வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் சேர்த்தால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. இடம் பெயர்ந்த தோளை இழுத்துப் பூட்ட முயலலாகாது.

எலும்புக் கட்டு விஷயத்தில் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். நாட்டு முறையில் கட்டுப் போடுபவர்களிடம் மக்களுக்கு நம்பிக்கை உண்டு. அவர்களுள் கை தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் முறிந்த கை இன்னும் வீங்க வேண்டிய நிலையில், மூங்கில் பத்தை வைத்துச் சுற்றி இறுக்கிக் கட்டினால், உள்ளே இரத்த ஓட்டம் நின்றுவிடும். தசை ஏறக்குறைய ஆறு மணி நேரமே தாங்கும். பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடலாம். கையையே இழக்கவும் நேரலாம். கட்டுப் போட்டவர் எவராயினும், மருத்துவமனையே ஆயினும், வீட்டார் பார்க்க வேண்டியவை சில உள. வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா? விரலை மெல்ல நீட்டினால் அலறுகிறாரா? விரல் நுனி மரத்தும் சில்லிட்டும் நீலம் பாய்ந்தும் இருக்கிறதா? இவற்றுள் ஒன்று காணப்படினும், நடு இரவானாலும், கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ‘மூன்றாம் நாள்தான் அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்’ என்று காத்திருக்கலாகாது.

தலையில் அடிபட்டவர் முகத்தில் நீர் தெளித்து மறுபடியும் களத்தில் இறக்குதல் எங்கும் காணும் வழக்கம். இதனினும் ஆபத்தானது வேறில்லை. நினைவு தப்பாவிட்டாலும், அவர் மயங்கி நின்றாலும், எந்த ஊருடன் ஆடுகிறோம் என்று சொல்லத் தெரியாமற் போனாலும், தலைவலி, வாந்தி இருந்தாலும், அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. மூளை அதிர்ச்சி ஆறுமுன் மற்றோர் அடி பட்டால் உயிருக்கே கேடு வரலாம். அன்றிரவு தனியே விடலாகாது. வாந்தி தொடர்ந்தாலும், எழுப்ப முடியாத உறக்கம் வந்தாலும், வலிப்புக் கண்டாலும் 108 வண்டியை அழைக்க வேண்டும். மொத்தமாகப் பலர் மேலே விழுந்ததில் கழுத்து வலிப்பதாகவோ, கைகால் மரப்பதாகவோ கூறுபவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையை இரு கைகளாலும் அசையாது பிடித்துக்கொண்டு, வண்டி வரும்வரை படுத்தபடியே இருக்கச் செய்ய வேண்டும். விழுந்தவருக்கு மூச்சே இல்லையெனில் இந்த விதி பொருந்தாது. உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை ஆழமாக அழுத்தத் தொடங்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் பகற்பொழுதில் நடத்தும் ஓட்டப் பந்தயங்களில் வெப்ப அதிர்ச்சி வேறொரு பகை. ஓடி வந்தவர் பிதற்றுவதும், தள்ளாடி விழுவதும், உடம்பு அனலாகக் கொதிப்பதும் அதன் குறிகள். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் ஏமாறலாகாது. இங்கு வண்டிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். பம்பு செட்டுத் தொட்டி அருகில் இருந்தால், தலை நீருக்கு மேலிருக்குமாறு இருவர் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்தலாம். இல்லையேல் குடம் குடமாக நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் நீர் புகட்டலாகாது.

தந்தையார் வந்து போன பின்னர், நமது வட்டாரத்தில் பந்தயம் நடத்துவோர் அழைப்பிதழ் கொண்டு வரும்போது நாம் சில கேள்விகள் கேட்கத் தொடங்கினோம். களத்தைக் கொத்தியாயிற்றா? முதலுதவிக்கு யார்? பந்தய நாளைக் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவித்தாயிற்றா? வண்டி உள்ளே வர வழி விட்டிருக்கிறதா? முதல் ஆண்டு இக்கேள்விகளைப் பலர் விரும்பவில்லை. ஒலிபெருக்கிக்கும் விளம்பரத் தட்டிக்கும் பணம் ஒதுக்கியவர்கள், இரண்டு வண்டி மணலுக்குப் பணமில்லை என்றார்கள். மணல் இல்லையேல் மேடைக்கு வருவதில்லை என்று நாம் சொல்லிவிட்டோம். அதிகாரி இவ்வாறு பேசுவது முறையா என்று சிலர் கேட்டிருக்கலாம். மணல் வந்தது. சென்ற ஆண்டு மே 1 கிராம சபையில் ஓர் ஊரார் தாமாகவே எழுந்து, சிமெண்டுக் களத்தில் இனிப் பந்தயம் இல்லை என்று தீர்மானம் எழுதினார்கள்.

அவ்விளைஞருக்கு அரசு மருத்துவமனை ஒன்றில் முழங்கால் சிகிச்சை நடந்தது. ஏழு மாதம் நாள்தோறும் திண்ணையில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார். அவருடைய தாயார் செங்கல்லைத் துணியில் கட்டிக் கணுக்காலில் மாட்டிவிடுவாராம். இப்போது நடவு வயலில் இறங்குகிறார். மாடும் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். சடுகுடு ஆடுவதில்லை. பந்தயத்தன்று காலையில் களத்தில் கல் பொறுக்க வருபவர்களோடு அவரும் வந்துவிடுகிறார்.